மூன்று நாள் மரபு

சென்ற இதழில் வந்த களரிப் பயணக் கட்டுரைக்கு ஒரு பக்கம் மறுப்பு எழுதித் தருவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. கட்டுரையை எழுதியவர் என் நண்பர், பதினைந்து வருஷப் பழக்கம். இருந்தும் எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் முன்னூறு பேர் இருந்தால் அதிகம். அந்த முன்னூறு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருப்பதற்காகக் கைக்காசு போட்டு அச்சடிக்க வேண்டியதில்லை. அந்த வேலையைப் பெரிய பத்திரிகைகள் நம்மைவிட நன்றாகவே செய்கின்றன.

நண்பர் எழுதியதன் சாரம் இது. அவர் மூன்று நாள் கேரளம் போனார். ஐந்து களரிகளைப் பார்த்தார். செம்மண் குழி, குத்துவிளக்கு, எண்ணெய் மினுங்கும் உடம்புகள். மூவாயிரம் வருஷமாக அறுபடாத ஒரு மரபை நேரில் கண்டு மெய்சிலிர்த்துப் போனார். உலகத்துப் போர்க்கலைகளுக்கெல்லாம் தாய் இதுதான் என்று கண்டுகொண்டார். இதைச் சீனத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் என்று நினைவூட்டினார். கடைசியில், 'பயணம் போகத் தகுந்த பள்ளிகள்' என்று ஒரு பட்டியல், வரிசை எண் போட்டு. அதன்கீழ் ஒரு அறைகூவல்: தமிழ் எழுத்தாளன் உடம்பை மறந்துவிட்டான், மரபின் உடலிலிருந்து நம் மொழியை மீட்டெடுக்க வேண்டும்.

இதில் சண்டை போட என்ன இருக்கிறது, ஊர் சுற்றிப் பார்த்தவர் ஏதோ எழுதிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். ஊர் சுற்றிப் பார்த்ததாக எழுதியிருந்தால் நானும் விட்டிருப்பேன். 'மரபு' என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை வைத்துத்தான் நாம் ஒரு கவிஞனை ஏற்கிறோம், இன்னொருவனை வெளியே நிறுத்துகிறோம். அந்தச் சொல்லை மூன்று நாளில் கைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றால் நம் விமர்சனத்துக்கு அர்த்தமே இல்லை.

முதலில் போதிதர்மரை முடித்துவிடுகிறேன். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இந்த ஆசாமியைத் தொட்டால் தமிழ்த் துரோகி ஆகிவிடுவோம் என்ற பயம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. 547இல் யாங் ஷுவான்ஜி என்பவர் லுவோயாங் நகரத்து மடாலயங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் மேற்கு நாடுகளிலிருந்து வந்த, பாரசீகத்தைச் சேர்ந்த ஒரு பிக்கு. ஒரு கோபுரத்தின் அழகைப் பார்த்து வாய்பிளந்து நிற்கிறார், அவ்வளவுதான். அடுத்து வந்த தான்லின் என்பவர் அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி, பல்லவன் எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. இந்த இரண்டு பழைய குறிப்புகளிலும் குத்து, உதை பற்றி ஒரு சொல் இல்லை. அவர் ஷாவோலின் பிக்குகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்ற கதை, 17ஆம் நூற்றாண்டில் 'யீஜின் ஜிங்' என்ற பயிற்சி நூலை யாரோ அவர் தலையில் கட்டியதிலிருந்து கிளம்புகிறது. ஊரெல்லாம் பரவியது 1900களின் தொடக்கத்தில் தொடராக வந்த ஒரு சீன நாவலுக்குப் பிறகு. இது புரட்டு என்று 1930களிலேயே டாங் ஹாவ் என்ற சீன ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டிவிட்டார். ஷாவோலின் மடாலயத்தைப் பற்றி மெயிர் ஷாஹர் 2008இல் வெளியிட்ட புத்தகத்தில் விவரமாக இருக்கிறது. சீனன் ஒருவன் தன் ஊர்க் கட்டுக்கதையைத் தானே உடைத்துப் போட்டு தொண்ணூறு வருஷம் ஆகிறது. நாம் அந்த உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து பூஜை அறையில் வைத்திருக்கிறோம். காரணம், அதில் நம் பெயர் எழுதியிருக்கிறது.

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. ஒரு கலை தன்னளவில் போதாது, அது இன்னொருவனுக்குத் தாயாக இருந்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் எவ்வளவு தாழ்ந்த எண்ணம்! அடகுக் கடைக்கு வருகிறவன் நகையைக் காட்டாமல் தன் குலப் பெருமையைச் சொல்வது போல இருக்கிறது.

அடுத்தது 'அறுபடாத மூவாயிரம் வருஷம்'. களரிப்பயிற்று இன்று நாம் அறிந்த உருவத்துக்கு வந்தது சுமார் 11, 12ஆம் நூற்றாண்டுகளில், சேர சோழப் போர்களின் நெருக்கடியில், என்று இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை சொன்னார். அவர் சொன்னதில் தகராறு உண்டு. ஆனால் வடக்கன் பாட்டுகளில் வரும் தச்சோளி ஒதேனனும் ஆரோமல் சேகவரும் உண்ணியார்ச்சையும் நடமாடிய உலகில் களரி ஒரு தொழில் என்பதில் தகராறு இல்லை. இரண்டு பெரிய வீடுகளுக்குள் வழக்கு வந்தால் இரண்டு சேகவர்களைக் கூலிக்கு அமர்த்தி அங்கம் வெட்ட வைப்பார்கள். செத்தவன் பக்கம் தோற்றது. மரபு என்று நண்பர் கண்கலங்கும் சமாசாரத்தின் அடியில் இந்தக் கூலியும் ரத்தமும் இருக்கின்றன.

பிறகு அது அறுந்தது. 1805இல் பழசி ராஜா மடிந்த காலத்தை ஒட்டி மலபாரில் ஆயுதம் தாங்குவதைக் கம்பெனி குற்றமாக்கியது. நாயர் படைகளுக்கு வேலை போயிற்று. அங்கம் ஒழிந்தது. ஆசான்களில் பலர் எலும்பு கட்டுவதையும் உழிச்சிலையும் வைத்துப் பிழைத்தார்கள். உடம்பை வளைக்கும் வித்தை வேறு இடங்களில் ஒதுங்கியது. தலச்சேரிப் பக்கத்தில் சிறக்கரையில் 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கியது நமக்குத் தெரிந்ததுதான். கோட்டக்கல் கணாரன் குருக்கள் என்ற முதியவர் பல ஊர் அலைந்து பல ஆசான்களிடம் மிச்சமிருந்ததைச் சேர்த்து வைத்திருந்தார். அவரிடம் கற்றவர் சி.வி. நாராயணன் நாயர். 1920கள் தொட்டு தலச்சேரியிலும் வெளியூர்களிலும் மேடை போட்டுக் காட்டி, பிள்ளைகளைச் சேர்த்து, களரியைத் திரும்ப எழுப்பியதில் அவர் பங்கு பெரியது. 1944இல் மறைந்தார். அவர் மகன் கோவிந்தன்குட்டி நாயர் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் சி.வி.என். களரியை நிறுவியது 1956இல்.

ஆக, நண்பர் பார்த்து மெய்சிலிர்த்தது மூவாயிரம் வருஷத்தை அல்ல. ஏறக்குறைய நூறு வருஷத்துப் புனருத்தாரணத்தை. இதைச் சொன்னால் களரியைத் தாழ்த்துவதாக நண்பர் நினைக்கிறார். நேர்மாறாக நினைக்கிறேன். தானாக ஓடிவந்த ஆறு என்றால் அதில் யாருக்கும் பெருமை இல்லை. கிழிந்துபோன துணியை ஒரு கிழவர் ஊர் ஊராகப் போய்த் தேடி ஒட்டுப்போட்டார் என்பதில்தான் எனக்கு மரியாதை வருகிறது. அந்தக் கிழவரின் பெயர் நண்பரின் பன்னிரண்டு பக்கத்தில் எங்குமே இல்லை. போதிதர்மர் நாலு இடத்தில் வருகிறார்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். பயணம் போகத் தகுந்த பள்ளியை எப்படி அடையாளம் காண்பது என்பது நியாயமான கேள்வி. நானும் அதே கேள்வியோடு நான்கு வருஷம் முன்பு வங்கியில் விடுமுறைச் சலுகையை எடுத்துக்கொண்டு போனவன்தான். நாகர்கோவிலில் விடிவதற்கு முன் பரசுராமில் ஏறி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தால் வடகரை வரும். பழைய கடத்தநாடு. லோகநார்காவும் ஒதேனனின் பாட்டும் அந்த மண்ணுடையவை. வழியில் கடலோரச் சுற்றுலா ஊர் ஒன்றில் இறங்கி முதலில் ஒரு பள்ளியைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே நுழைவுச் சீட்டு இருந்தது. படிப்படியாக இருக்கை இருந்தது. ஆறு இளைஞர்கள் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்தார்கள், உருமியைச் சுழற்றினார்கள், வாளும் பரிசையும் மோதித் தீப்பொறி பறந்தது. வெளியே வரும்போது மூன்று நாள் வகுப்பு, ஏழு நாள் வகுப்பு, சான்றிதழ் உண்டு என்று அச்சிட்ட தாள் கொடுத்தார்கள்.

எனக்கு அது பொய் என்று பட்டது. ஏன் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. மேடையில் காட்டுவதால் பொய் என்று சொல்ல முடியாது. மேடையில்தானே நாராயணன் நாயரும் காட்டினார். காசு வாங்குவதால் பொய் என்று சொல்ல முடியாது. சேகவரும் காசு வாங்கித்தான் செத்தார்.

யோசித்துப் பார்த்ததில் என் தொழில்தான் உதவிற்று. காசோலையில் கையெழுத்தை ஒப்புப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. சேர்ந்த புதிதில் ஒரு மூத்த குமாஸ்தா சொல்லிக்கொடுத்தார்: "எழுத்து சரியா இருக்கான்னு பாக்காதீங்க. வேகத்தைப் பாருங்க." அசல் ஆள் யோசிக்காமல் போடுகிறான். அதனால் அவன் கையெழுத்து தினம் கொஞ்சம் மாறும். கள்ளன் யோசித்து யோசித்து வரைகிறான். அது அசலைவிட அழகாக இருக்கும், பத்து முறை போட்டாலும் ஒரே மாதிரி இருக்கும், கோடு மட்டும் செத்துக் கிடக்கும்.

அந்த ஆறு இளைஞர்களும் பத்து முறை போட்டாலும் ஒரே மாதிரிப் போட்டார்கள். ஒவ்வொரு அசைவும் எங்களைப் பார்த்து முடிந்தது. எதிரியைப் பார்த்து ஒன்றும் முடியவில்லை.

மறுநாள் வடகரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிகாலை ஆறு மணிக்கு இன்னொரு களரியில் நின்றேன். இதன் பெயரும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நண்பர் பட்டியலில் ஆறாவதாகச் சேர்த்துவிடுவார். தரையிலிருந்து மார்பளவு ஆழத்துக்கு வெட்டிய குழி. நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தொரு அடி அகலம், வாசல் கிழக்கே. தென்மேற்கு மூலையில் ஏழு படி கொண்ட பூத்தறை. கணக்கு எல்லாம் நண்பர் எழுதியபடியே இருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் எழுதாதவை சில இருந்தன.

முதலாவது, எனக்கு உட்கார இடம் இல்லை. பார்வையாளன் என்று ஒருவன் வருவான் என்ற நினைப்பே அந்தக் குழியை வெட்டியவனுக்கு இருந்திருக்கவில்லை. விளிம்பில் குந்தி உட்கார்ந்து பிள்ளைகளின் முதுகைத்தான் பெரும்பாலும் பார்த்தேன்.

இரண்டாவது, வாய்த்தாரி. ஆசான் ஒரே மூச்சில், ராகமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், சொல்லிக்கொண்டே போகிறார்: வலது நேராக்கி, இடது மாறி, அமர்ந்து, பொங்கி. பிள்ளைகளின் உடம்பு அந்தச் சொல்லின் மேலேயே நடக்கிறது. சொல் நின்றால் கால் நிற்கிறது. 'மரபின் உடலிலிருந்து மொழியை மீட்க வேண்டும்' என்று எழுதிய நண்பரின் காதில் இந்த மொழி விழவில்லையா? உடம்பும் மொழியும் சந்திக்கும் இடம் ஒன்று அந்தக் குழியில் நிஜமாகவே இருக்கிறது. அவர் விளக்கையும் எண்ணெயையும் வர்ணித்துக்கொண்டிருந்துவிட்டார்.

மூன்றாவது, வரிசை. மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்று நான்கு படி. உடம்பு, பிறகு மரம், பிறகு இரும்பு, கடைசியில் ஒன்றுமில்லாத கை. வெறுங்கைதான் எளிது, ஆயுதம்தான் கடினம் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு இந்த வரிசையே ஒரு பாடம். மூன்று நாளில் கையில் வாளைக் கொடுத்துப் படம் எடுத்துவிடும் பள்ளி இந்த வரிசையை விற்றுவிட்டது என்று அர்த்தம். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

நான்காவது, பிழை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஒரு திருப்பத்தில் கால் சறுக்கினாள். ஆசான் வாய்த்தாரியை நிறுத்தவில்லை. போகிற போக்கில் தன் காலால் அவள் குதிகாலை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அடுத்த சுற்றில் அவள் மறுபடி சறுக்கினாள். மறுபடி இரண்டு அங்குலம். சான்றிதழ் தரும் பள்ளியில் யாரும் சறுக்கவும் இல்லை, யாரும் திருத்தவும் இல்லை.

பயிற்சி முடிந்து அவர் என்னிடம் வந்தார். மலையாளத்தில்தான் கேட்டார்: "எத்ர திவசம் உண்டு?" மூன்று நாள் என்றேன். "எங்கில் ஒரு சாயா குடிக்காம்," என்றார். குடித்தோம். தேநீர் குடிக்கும்போதே என் இடது தோளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து செய்யும் வேலையா என்று கேட்டார். உழிச்சில் செய்தால் சரியாகும், கர்க்கடகத்தில் மழை பிடித்த பிறகு பதினான்கு நாள் தங்குவதாக இருந்தால் வா, மூன்று நாளில் செய்வதற்கில்லை என்றார். என்னிடம் பணம் இருந்தது. அவருக்கு அது தேவைப்பட்டது என்பதும் அந்த வீட்டைப் பார்த்தால் தெரிந்தது. 'செய்வதற்கில்லை' என்று சொல்லக்கூடியவர் இருக்கும் இடம்தான் பள்ளி. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் இடத்துக்கு வேறு பெயர் இருக்கிறது.

இந்த இடத்தில் வேறு ஒருவரைக் குறிப்பிட வேண்டும். பிலிப் ஸாரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் 1976இல் கேரளத்துக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் கோவிந்தன்குட்டி நாயரிடம் சேர்ந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், அடி வாங்கினார், போனார், திரும்ப வந்தார். களரியைப் பற்றிய அவருடைய புத்தகம் 1998இல் வெளிவந்தது. இருபத்திரண்டு வருஷம். 'மெய் கண்ணாவது' என்று ஆசான்கள் சொல்லும் வார்த்தையைத்தான் தலைப்பாக வைத்தார். உடம்பு முழுக்கக் கண்ணாகிவிடுகிற நிலை. அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர் சொல்வது, களரி என்று ஒன்று இல்லை, பலவாக இருக்கிறது, ஒவ்வொரு ஆசானும் ஒவ்வொரு விதமாக அதைப் புரிந்துவைத்திருக்கிறார் என்பது. 2020இல் காலமாகிவிட்டார். வெள்ளைக்காரன் சொன்னால்தான் ஏற்பீரா என்று நண்பர் கேட்பார். அவன் நிறத்துக்காகச் சொல்லவில்லை, அந்த இருபத்திரண்டு வருஷத்துக்காகச் சொல்கிறேன். உள்ளூர் உதாரணமும் இருக்கிறது. 'கசடதபற'வில் எழுதிய ந. முத்துசாமி, தெருக்கூத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டு ஒரு கட்டுரை எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற ஒருவரிடம் நடிகர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் நாடகங்களைப் பற்றி எனக்குச் சண்டை உண்டு. ஆனால் 'மரபு' என்ற சொல்லை அவர் உச்சரித்தால் அதற்குப் பின்னால் வியர்வை இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

நண்பர் கட்டுரையில் என்னை மிகவும் உறுத்திய இடம் ஒன்று இருக்கிறது. 'தமிழ்நாட்டில் அழிந்துபோய்விட்டதைக் கேரளம் காப்பாற்றி வைத்திருக்கிறது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். நான் கல்குளம் தாலுகாக்காரன். 1956 நவம்பர் முதல் தேதிவரை என் ஊர் திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் அடிமுறை என்றும் வர்ம அடி என்றும் ஒன்று இன்றும் இருக்கிறது. அதற்குக் குழி கிடையாது, வெறும் முற்றம் போதும். ஆதிகுரு அகத்தியர் என்பார்கள், பரசுராமர் அல்ல. வடக்கத்திக் களரியின் தாழ்ந்த நிலையும் பாய்ச்சலும் இதில் இல்லை. சுவடு வைத்து நகர்வது, அடிதட, நெருங்கி நின்று கையால் செய்வது. கற்றுக்கொடுக்கும் சொல்லெல்லாம் தமிழ். படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று நூற்றெட்டு இடம் எண்ணுவார்கள். அடித்தால் எடுப்பதற்கு அடங்கல் என்று மாற்று உண்டு. சினிமாவுக்கு இது தெரியும். 'இந்தியன்' 1996இல் வர்மத்தையும் 'பட்டாஸ்' 2020இல் அடிமுறையையும் எடுத்துக்கொண்டன. நண்பருக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் இதற்கு அவரைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. பத்து வருஷம் முன்பு இதே பத்திரிகையில் 'மரபும் உடலும்' என்று நானும் ஒரு கட்டுரை எழுதினேன். எனக்கு வயது இருபத்தாறு. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்த திமிர் இன்னும் தணிந்திருக்கவில்லை. மெர்லோ போந்தியை மூன்று இடத்தில் கூப்பிட்டிருந்தேன். அந்தக் கட்டுரையை என் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். அப்போது கொல்லைப்புறத்தில் அம்மாவின் அப்பா, நாங்கள் பாட்டா என்போம், எழுபத்தெட்டு வயதில் இன்னொரு கிழவரோடு கம்பு வீசிக்கொண்டிருந்தார். அவர் ஊருக்கு ஆசான். கம்போடு கம்பு படும் சத்தம் எழுதுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

கட்டுரை அச்சாகி வந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நல்லா அடிச்சிருக்கான்," என்றார். அச்சைச் சொன்னார். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

அவரையும் நான் புனிதராக்கப் போவதில்லை. வீட்டில் ஒரு சுவடிக் கட்டு இருந்தது. ஒருமுறை அதைக் கேட்டேன். "வாசிக்காதே மக்களே. வாசிச்சா தெரிஞ்சுபோச்சுன்னு நெனப்பே," என்றார். நல்ல வாக்கியம். பல வருஷம் இதை ஒரு ஞான வாக்கியமாக நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். இப்போது அதன் மறுபக்கம் தெரிகிறது. அவர் என்னை வாசிக்கவும் விடவில்லை, முற்றத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. படுவர்மத்தை எந்தச் சீடனுக்கும் சொல்லவில்லை, 'பக்குவம் வந்தவன் எவனுமில்லை' என்று. பெண்பிள்ளைகளுக்குக் கிடையாது. சில தெருக்களிலிருந்து வந்தவர்களை முற்றத்துக்கு வெளியிலேயே பேசி அனுப்பியதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். சுவடி இப்போது என் மாமா வீட்டுப் பரணில் இருக்கிறது. பரிபாஷையில் எழுதியது. திறவுகோல் அவர் தலைக்குள் இருந்தது. தலையை எரித்துவிட்டோம். களரியை முடக்கியது கம்பெனிக்காரன். பாட்டாவின் முற்றத்தை முடக்கியது பாட்டாதான், கூடவே ஜன்னலைச் சாத்திய நானும். 'அறுபடாத மரபு' என்று யாராவது எழுதினால் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தர முடியாது. அறுந்த இடம் எங்கள் வீட்டில் இருக்கிறது. விலாசம் எனக்குத் தெரியும்.

ரகசியத்தைப் போற்றும் ஆசானும் மூன்று நாளில் விற்கும் ஆசானும் எதிரெதிர் என்று தோன்றும். முடிவு ஒன்றுதான். இருவரிடமிருந்தும் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. ஒருவர் கொடுப்பதில்லை, இன்னொருவரிடம் கொடுக்க எதுவும் இல்லை. இருவருக்கும் நடுவில், கேட்டு வந்த பிள்ளையின் குதிகாலைத் திரும்பத் திரும்ப இரண்டு அங்குலம் நகர்த்திக்கொண்டிருப்பவர்தான் எனக்கு ஆசான். வடகரையில் ஏழு வயதில் களரிக்குள் இறங்கி, கிழவியான பிறகும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதுக்கு நாம் கைதட்டினோம். விருதுக்கு முந்திய பல பத்து வருஷம் அவர் அந்தக் குழியில்தான் இருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பயணம் போகத் தகுந்த பள்ளி எது என்ற கேள்விக்கு என் பதில்: நீங்கள் வந்ததை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளாத பள்ளி. அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கற்கிறார்களா என்று பாருங்கள். ஆசானுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேளுங்கள். ரிஷியின் பெயர் சொன்னால் விட்டுவிடுங்கள். செத்துப்போன ஒரு மனிதனின் பெயரும் ஊரும் சொன்னால் உட்காருங்கள். ஊரில் கை ஒடிந்தவன் அவரிடம் வருகிறானா என்று விசாரியுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று அவர் ஒருமுறையாவது சொல்கிறாரா என்று கவனியுங்கள். இவ்வளவையும் ஒரு காலையில் பார்த்துவிடலாம். பிறகு தங்குங்கள், அல்லது திரும்பி வாருங்கள். தங்காமல் திரும்பியவர் எழுதக் கூடாது என்று சொல்லமாட்டேன். ரயிலைப் பற்றி, மழையைப் பற்றி, சாயாவைப் பற்றி எழுதலாம். மரபைப் பற்றி எழுத வேண்டாம்.

இதையே நம் கவிதைகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். சங்கப் பாட்டில் நாலு வரியைக் கடன் வாங்கித் தலைப்பில் ஒட்டிவிட்டு மரபோடு உரையாடுவதாகச் சொல்லும் புதுக்கவிதைகளை நாம் வருஷத்துக்கு நூறு அச்சிடுகிறோம். பார்வையாளரைப் பார்த்து முடியும் அசைவுகள். கோடு செத்துக் கிடக்கிறது. ஒப்புப் பார்க்க வேண்டிய நாம், அழகாக இருக்கிறதே என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

என் கிளையிலிருந்து பேருந்தில் ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு ஆசான் இருக்கிறார். விடிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவதால் சாயங்காலம்தான் சொல்லிக்கொடுப்பார். பதினான்கு பிள்ளைகள், அதில் ஐந்து பெண்கள். யார் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. வர்மம் எல்லாம் தெரியுமா ஆசானே என்று கேட்டேன். "எனக்கு அதொண்ணும் முழுசாத் தெரியாது மக்களே. எனக்க ஆசான் காட்டித் தந்தது இம்புட்டுதான்," என்றார். அவருடைய ஆசானின் பெயரைக் கேட்டேன். சொன்னார். பாட்டாவின் பெயர் அல்ல. பாட்டா முற்றத்திலிருந்து திருப்பி அனுப்பியவர்களில் ஒருவருடைய பெயர்.

ஏழு மாதமாகப் போகிறேன், வாரத்தில் நான்கு நாள். இன்னும் ஒற்றைச்சுவட்டில்தான் நிற்கிறேன். இடது தோள் தூக்கினபடியே இருக்கிறது என்று தினமும் திட்டு விழுகிறது. இந்தப் பள்ளியைப் பற்றி நான் கட்டுரை எழுதப் போவதில்லை, இந்தப் பத்தியைத் தவிர.

நண்பர் பதில் எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும். போதிதர்மரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும், ஆசிரியர் இடம் கொடுப்பார். கூடவே ஒரே ஒரு வரி: பட்டியலில் உள்ள ஐந்து களரிகளில் எதிலாவது அவர் இறங்கினாரா, இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கச் சொன்னார்கள்? அந்த வரி வந்தால் இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.